அரை கிலோ மஞ்சள் மாவும் ஒரு டன் சேறும்



செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கம் போகிற பஸ்ஸில் நம்மில் பாதிப் பேராவது ஏறியிருப்போம். சதுரங்கப்பட்டினம் பக்கம் போனால் தூரத்திலேயே அணுமின் நிலையத்தின் கும்மட்டம் தெரியும். ஜன்னல் சீட்டுக்காரர் "அதோ அதோ" என்று காட்டுவார். முதல் உலை 1984-லும் இரண்டாவது உலை 1986-லும் வணிக ரீதியில் மின்சாரம் கொடுக்க ஆரம்பித்தவை. அதைப் பற்றி நம் மலரில் யாராவது எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அணுவைப் பிளப்பது, கனநீர், கண்ட்ரோல் ராடு என்று எல்லாம் வந்தாச்சு. ஆனால் அந்த உலைக்குள்ளே போகிற சரக்கு எங்கே அரைபடுகிறது, அரைத்த பிறகு மிஞ்சுவதை எங்கே கொட்டுகிறார்கள் என்று யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. நான் கெமிக்கல் பிரிவு. அரைக்கிறதும், கரைக்கிறதும், வடிகட்டுறதும்தான் எங்க பாடம். அதனால இந்தக் கட்டுரை.

கல்பாக்கம் உலைக்குப் போகிற எரிபொருள் கட்டு ஒன்றை முதலில் கற்பனை செய்து பாருங்கள். அரை மீட்டர் நீளம். 19 குழாய்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டினது, கிட்டத்தட்ட ஒரு சின்னக் கரும்புக் கட்டு மாதிரி. குழாய்க்குள்ளே கருப்பு நிறத்தில் மாத்திரை மாத்திரையாக யுரேனியம் டை ஆக்சைடு, மொத்தம் சுமார் 15 கிலோ. அதில் சுத்த யுரேனியம் 13 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இந்த மாதிரி 12 கட்டுகள் ஒரு குழாய்ப் பாதையில் வரிசையாக நிற்கும். ஒரு உலைக்கு 306 பாதைகள். ஆக 3,672 கட்டுகள்! இதைச் செய்து அனுப்புவது ஹைதராபாத்தில் உள்ள அணு எரிபொருள் வளாகம். அங்கே மாவாக வந்து சேருவதுதான் 'மஞ்சள் கேக்'. பெயர்தான் கேக். வாயில் வைக்கிற சமாச்சாரம் இல்லை.

அந்த மாவு வருகிற இடம் ஜாதுகுடா. ஜார்க்கண்ட் மாநிலம், கிழக்கு சிங்பூம் மாவட்டம், ஜாம்ஷெட்பூருக்குப் பக்கம். 2000-ம் ஆண்டு வரை அது பீகார். 1951-ல் அங்கே யுரேனியத் தாது இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 1967-ல் 'யுரேனியம் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா' என்ற மத்திய அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1968-ல் மில் ஓட ஆரம்பித்தது. பிறகு துராம்டியில் ஒரு மில்லும், 2012-ல் ஆந்திராவின் கடப்பா மாவட்டம் தும்மலப்பள்ளியில் ஒரு மில்லும் வந்தன.

"இப்போ வெளிநாட்டிலிருந்துதானே யுரேனியம் வருது?" என்று கேட்பீர்கள். 2008-க்கு அப்புறம் வருவது உண்மைதான். ஆனால் சர்வதேசக் கண்காணிப்புக்கு உட்பட்ட உலைகளில் மட்டும்தான் அதைப் போட முடியும். கல்பாக்கத்து இரண்டு உலைகளும் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றுக்கு உள்நாட்டு மண்தான் கதி.

சரி, ஒரு கணக்குப் போடுவோம். சிங்பூம் தாது ரொம்ப ஏழைத் தாது. நூற்றுக்கு 0.05 பங்கு யுரேனிய ஆக்சைடு என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன் கல்லில் அரை கிலோ! அந்த அரை கிலோவிலும் சுத்த யுரேனியம் 425 கிராம்தான். மில்லில் நூற்றுக்கு 85 பங்கு கையில் கிடைக்கிறது என்று எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது 360 கிராம். அப்படியானால் ஒரே ஒரு எரிபொருள் கட்டுக்கு 37 டன் கல்லை அரைக்க வேண்டும். 220 மெகாவாட் உலை முழுசா ஓடினால் ஒரு நாளைக்குச் சுமார் எட்டுக் கட்டு மாற்றணும். ஆக ஒரு உலைக்கு, ஒரு நாளைக்கு, சுமார் 300 டன் கல். பத்து டன் லாரியில் 30 லோடு.

எங்க அப்பா ஜல்லி கிரஷரில் வேலை பார்க்கிறவர். நம்ம மாவட்டத்தில் கல் குவாரிக்குப் பஞ்சமா? தாடைக் கிரஷரின் வாயில் கல்லைத் தள்ளுகிற வேலை. மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு போவார், சாயந்திரம் அந்தத் துண்டை உதறினால் வாசலே வெளுத்துப் போகும். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிப் படிக்கிறது நான்தான் முதல். அதனால நான் என்ன படிச்சாலும் அவருக்கு விளக்கிச் சொல்லணும், அது ஒரு பரீட்சை. இந்த 300 டன் கணக்கைச் சொன்னேன். மனுஷன் யுரேனியத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "முப்பது லோடு அரைச்சி ஒரு மூட்டை எடுத்துக்கறாங்க. மீதிய எங்கடா கொட்டுவாங்க?" என்றார். கிரஷரில் டஸ்ட் மலை மலையாகச் சேர்வதைத் தினம் பார்க்கிறவருக்கு அதுதான் முதல் கேள்வி. புத்தகத்தில் அது கடைசி அத்தியாயம்!

மில்லுக்குள் நடப்பது

யுரேனியம் மில் என்றால் ஏதோ ராக்கெட் விஞ்ஞானம் என்று நினைக்க வேண்டாம். நம்ம 'மெக்கானிக்கல் ஆப்பரேஷன்ஸ்' பேப்பரில் ஐந்து மார்க், பத்து மார்க் கேள்வியாக வருகிற மெஷின்கள் எல்லாம் ஒரே இடத்தில் வரிசையாக நிற்கும், அவ்வளவுதான். கிரஷர், ராடு மில், கூழாங்கல் மில், சைக்ளோன், திக்கனர், டிரம் ஃபில்டர். கல் மாவாகித் தண்ணீரோடு சேர்ந்து கூழாகிவிடும். கேழ்வரகுக் கூழ் பதம் என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். அந்தப் பதம் முக்கியம். ரொம்ப நீர்த்துப் போனால் அமிலம் வீணாகும். கெட்டியானால் குழாயில் போகாது.

அதன் பிறகு கரைத்தல். பச்சுகா என்று ஒரு உயரமான தொட்டி. அடியில் கூம்பு வடிவம். அடியிலிருந்து காற்றை ஊதிக் கூழைக் கலக்குவார்கள். உள்ளே கந்தக அமிலம், கூடவே பைரோலூசைட் என்கிற மாங்கனீஸ் டை ஆக்சைடு. அமிலம் மட்டும் போதாதா? போதாது. தாதுவில் இருக்கிற யுரேனியத்தில் பெரும்பகுதி நான்கு இணைதிறன் நிலையில் இருக்கும், அது அமிலத்தில் சுலபமாகக் கரையாது. ஆறுக்கு ஏற்றினால்தான் கரையும். மாங்கனீஸ் டை ஆக்சைடு முதலில் கரைசலில் உள்ள இரும்பை ஃபெர்ரஸிலிருந்து ஃபெர்ரிக் ஆக்கும். அந்த ஃபெர்ரிக் இரும்பு போய் யுரேனியத்தை ஏற்றிவிடும். ஏற்றிவிட்டுத் தான் மறுபடி ஃபெர்ரஸாகத் திரும்பும். இரும்பு இங்கே ஷேர் ஆட்டோ மாதிரி, ஆளை இறக்கிவிட்டு அடுத்த ட்ரிப்புக்கு வந்துவிடும்.

தும்மலப்பள்ளியில் இந்தக் கதை செல்லாது. அங்கே தாது சுண்ணாம்புப் பாறையில் இருக்கிறது. அமிலத்தை ஊற்றினால் சுண்ணாம்பே குடித்துத் தீர்த்துவிடும். அதனால் சோடியம் கார்பனேட், பைகார்பனேட் கரைசலில், அழுத்தம் கொடுத்து, சூடாக்கி, ஆக்சிஜன் செலுத்திக் கரைக்கிறார்கள்.

ஜாதுகுடாவுக்குத் திரும்புவோம். கரைந்த பிறகு டிரம் ஃபில்டரில் வடிகட்டினால் தெளிந்த கரைசல் ஒரு பக்கம், சேறு ஒரு பக்கம். கரைசலை ரெசின் நிரப்பிய தூண்களில் விடுவார்கள். அயனிப் பரிமாற்றம்! நம்ம லேபில் தண்ணீரை மென்னீராக்கும் அதே தத்துவம். ரெசின் யுரேனியத்தைப் பிடித்துக்கொள்ளும், உப்புக் கரைசல் விட்டால் விட்டுவிடும். பிறகு மக்னீசியா சேர்த்தால் மஞ்சளாக வீழ்படிவு. மக்னீசியாவுக்குப் பதில் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்க்கிற முறையும் உண்டு. உலர்த்தி, டிரம்மில் அடைத்து, ஹைதராபாத்துக்கு அனுப்பினால் மில்லின் 'புரொடக்ஷன்' முடிந்தது.

மீதி

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். ஒரு டன் கல் போனால் கிட்டத்தட்ட ஒரு டன் சேறு அப்படியே வெளியே வருகிறது. இதற்குப் பெயர் டெயிலிங்ஸ். நெல் மில்லில் உமியும் தவிடும் மாதிரிதானே என்று ஒரு நண்பன் கேட்டான். இல்லை. நூறு கிலோ நெல் அரைத்தால் அறுபது கிலோவுக்கு மேல் அரிசி கிடைக்கும். தவிட்டை மாடு தின்னும், உமி அடுப்பெரிக்கும். இங்கே நூறு கிலோவில் கிடைப்பது ஐம்பது கிராமுக்கும் குறைவு. மிச்சத்தை யாரும் தொடக்கூடாது.

ஏன் தொடக்கூடாது? யுரேனியத்தைத்தான் எடுத்துவிட்டோமே? இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான இடம், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். யுரேனியம்-238 தன் பாட்டுக்குச் சிதைந்து, படிப்படியாக வேறு வேறு தனிமங்களாக மாறி, கடைசியில் காரீயமாக முடியும். நடுவில் தோரியம்-230, ரேடியம்-226, ரேடான் வாயு, பொலோனியம் என்று ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. மில் எடுத்துக்கொள்வது குடும்பத் தலைவரை மட்டும். பிள்ளைகள் எல்லாம் சேற்றிலேயே. குறிப்பாக ரேடியம், கந்தக அமிலத்தில் ரேடியம் சல்பேட்டாகி, கரையாமல் சேற்றோடு தங்கிவிடும். தாதுவில் இருந்த கதிரியக்கத்தில் சுமார் 85 சதவீதம் இந்தச் சேற்றில்தான் இருக்கிறது.

"அது பூமிக்குள்ளே ஏற்கெனவே இருந்ததுதானே, புதுசா என்ன ஆபத்து?" என்று சிலர் வாதம் செய்வார்கள். நம்ம ஊர்க் கடற்கரை மணலிலேயே மோனசைட் இருக்கிறது, அதில் தோரியம் இருக்கிறது, கல்பாக்கம் பக்கம் இயற்கைக் கதிர்வீச்சு சாதாரண இடத்தைவிட அதிகம் என்பதும் உண்மை. ஆனால் வாதம் முழுசாகச் சரியில்லை. பூமிக்குள் பல நூறு அடி ஆழத்தில் கெட்டிப் பாறைக்குள் இருந்ததை மாவாக்கி வெளியே பரப்பியிருக்கிறோம். கல்லுப்புக் கட்டியைத் தண்ணீரில் போடுவதற்கும் தூள் உப்பைப் போடுவதற்கும் உள்ள வித்தியாசம். காற்றடித்தால் பறக்கும், மழை பெய்தால் கரைந்து இறங்கும், ரேடான் வாயு சுலபமாக வெளியே வரும். அமிலம் பட்டதால் கன உலோகங்களும் இளகி இருக்கும்.

அதனால் வெளியே அனுப்பும் முன் சுண்ணாம்பு சேர்த்து அமிலத்தை முறிக்கிறார்கள். பி.எச். பத்து வரை ஏற்றினால் மாங்கனீசும் மற்ற உலோகங்களும் வீழ்படிவாகிவிடும். அடுத்து ஹைட்ரோ சைக்ளோனில் விட்டுப் பருமணலையும் நைஸ் சேற்றையும் பிரிப்பார்கள். பருமணல் சுரங்கத்துக்கே திரும்பிப் போய், தோண்டின பள்ளத்தை நிரப்பும். நல்ல ஏற்பாடு. ஆனால் நைஸ் சேறு பள்ளத்துக்கு ஆகாது, தண்ணீரை விடாது. கதிரியக்கமும் அதில்தான் அதிகம். அது குழாய் வழியாக டெயிலிங்ஸ் குட்டைக்குப் போகிறது.

குட்டை என்று பெயரே தவிர, நம்ம ஏரிதான் அது! மூன்று பக்கம் குன்று, ஒரு பக்கம் மண் கரை. மதுராந்தகம் ஏரியைப் பார்த்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டாம். வித்தியாசம் என்ன என்றால், ஏரியில் தண்ணீர் நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து போகலாம், நமக்குச் சந்தோஷம். இங்கே வழியக் கூடாது. மேலே தெளிகிற நீரைக் கிணறு மாதிரி ஒன்றின் வழியாக இறக்கிச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டு போகணும். அங்கே பேரியம் குளோரைடு சேர்ப்பார்கள். முதல் வருஷ கெமிஸ்ட்ரி லேபில் சல்பேட் சோதனைக்கு ஊற்றினோமே, அதேதான். வெள்ளையாக பேரியம் சல்பேட் விழும்போது ரேடியத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு விழும். இரண்டும் ஒரே தொகுதித் தனிமங்கள். பீரியாடிக் டேபிள் வெறும் மனப்பாடத்துக்கு இல்லை என்று எனக்குப் புரிந்தது இங்கேதான். சுத்திகரித்த நீரில் ஒரு பங்கு மில்லுக்கே திரும்பும். மீதி கரா ஆற்றில் போய், அது சுவர்ணரேகா நதியில் சேர்கிறது. ஆக அந்தச் சுத்திகரிப்பு நிலையத்து ஷிப்டு ஆபரேட்டர் தூங்கிவிட்டால் விளைவு ஆற்றில் தெரியும்.

குழாய் உடைந்த கதை

2006 டிசம்பர் கடைசியில் ஜாதுகுடாவில் சேறு போகிற குழாய் உடைந்தது. டுங்ரிடி என்ற கிராமத்துப் பக்கம். சேறு ஓடையில் கலந்தது. பல மணி நேரம் கொட்டிக்கொண்டே இருந்தது, கிராமத்து ஜனங்கள் சொல்லித்தான் நிர்வாகத்துக்குத் தெரிந்தது என்று செய்திகள் வந்தன. இது எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது. மில் முனையில் ஒரு ஃப்ளோ மீட்டர், குட்டை முனையில் ஒரு ஃப்ளோ மீட்டர். உள்ளே போவது வெளியே வருவதற்குச் சமமா? நாம் படிக்கிற மெட்டீரியல் பேலன்ஸ் இதுதானே! மணல் கலந்த கூழ் போகிற குழாய் வளைவுகளில் தேயும் என்பதும் தெரிந்த விஷயம். வேகம் குறைந்தால் மணல் படிந்து அடைக்கும், வேகம் கூடினால் குழாயை அரிக்கும். கனத்தை அளந்து பார்த்துக் குழாயைத் திருப்பிப் போடுவதும் மாற்றுவதும் டிப்ளமாகாரனின் வேலை. எஞ்சினியர் கையெழுத்துப் போடுவார், நடந்து போய்ப் பார்க்கிறவன் நாமதான்.

குட்டைகளைச் சுற்றி இருப்பவர்கள் சந்தால், ஹோ ஆதிவாசி ஜனங்கள். மூன்றாவது குட்டைக்காக 1996-ல் சட்டிகோச்சா என்ற ஊரில் வீடுகளை இடித்தார்கள். கதிர்வீச்சுக்கு எதிராக அவர்கள் ஒரு சங்கமே வைத்துப் போராடினார்கள். 2007-ல் மருத்துவர் அமைப்பு ஒன்று நடத்திய ஆய்வு, சுரங்கத்துக்குப் பக்கத்து ஊர்களில் பிறவிக் குறைபாடும் குழந்தையின்மையும் தூரத்து ஊர்களைவிட அதிகம் என்று சொன்னது. நிறுவனமும் அணுசக்தித் துறையும் மறுத்தன, அளவெல்லாம் வரம்புக்குள்தான் என்கின்றன. உச்ச நீதிமன்றம் 2004-ல் ஒரு பொதுநல வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2014-ல் ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. என்னைக் கேட்டால், ஓட்டுகிறவரே அளந்து ஓட்டுகிறவரே சர்டிபிகேட் கொடுத்தால் ஊர் நம்பாது. எங்கள் ஊரில் ரேஷன் கடைத் தராசையே யாரும் நம்புவதில்லை. மூன்றாம் ஆள் ஒருவர் அளக்கணும், அளந்ததைப் பஞ்சாயத்து போர்டில் அவர்கள் மொழியில் எழுதி ஒட்டணும். தும்மலப்பள்ளியிலும் சுற்றுவட்டார விவசாயிகள் போர்வெல் தண்ணீர் கெட்டுப்போச்சு, வாழை கருகுது என்று புகார் சொன்னார்கள். அங்கேயும் நிறுவனம் மறுத்தது. அதே கதை.

நம்ம நாட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலம், சர்ச் ராக். 1979 ஜூலை 16 விடிகாலை டெயிலிங்ஸ் கரை உடைந்தது. 1,100 டன் சேறும் சுமார் 35 கோடி லிட்டர் அமில நீரும் புவெர்கோ ஆற்றில் பாய்ந்தன. அங்கேயும் ஆற்றோரம் ஆடு மேய்த்தவர்கள் அந்த நாட்டுப் பழங்குடி மக்கள்தான். கொலராடோவில் கிராண்ட் ஜங்ஷன் என்ற ஊரில் நடந்தது இன்னும் விநோதம். மில்லில் கிடந்த சேற்று மணலைப் பார்த்து "நல்ல மணலா இருக்கே" என்று அள்ளிக்கொண்டு போய் வீட்டு அஸ்திவாரத்துக்கும் தளத்துக்கும் போட்டுவிட்டார்கள். 1966 வரை இது நடந்தது. ஆயிரக்கணக்கான வீடுகளில் தரைக்கடியிலிருந்து ரேடான். பிறகு தோண்டி எடுக்க வேண்டியதாயிற்று. சிவில் பிரிவு நண்பர்கள் கவனிக்க! பாலாற்று மணல் விலை ஏறுகிற காலத்தில் இலவச மணல் கிடைத்தால் நம்ம மேஸ்திரி மட்டும் சும்மா இருப்பாரா? ஜாதுகுடாவிலும் சுரங்கக் கல் வீட்டு வேலைக்கும் ரோட்டு வேலைக்கும் போனதாக ஊர்க்காரர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள்.

குட்டை நிரம்பிய பிறகு என்ன செய்வது? தண்ணீர் வற்றியதும் மண் போட்டு மூடி, ஆழமாக வேர் விடாத செடிகளை நட வேண்டும். ஜாதுகுடாவில் முதல் இரண்டு குட்டைகளும் நிரம்பிவிட்டன, மண் போட்டுச் செடி வளர்த்திருக்கிறார்கள். மூடி எவ்வளவு நாள் தாங்கணும்? அமெரிக்க விதியில் 1,000 ஆண்டு, முடியாவிட்டால் குறைந்தது 200 ஆண்டு. நம்ம மாமல்லபுரம் கடற்கரைக் கோவிலுக்கு வயது சுமார் 1,300. கருங்கல்லில் கட்டியதே உப்புக்காற்றில் சிற்பங்கள் மழுங்கிக் கிடக்கின்றன. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு. அதாவது பல்லவர் காலத்தில் ரேடியத்தைப் புதைத்திருந்தால் இன்றைக்கும் பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். அதுவும் சேற்றில் தோரியம்-230 வேறு இருந்து புதுசு புதுசாக ரேடியத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். தோரியம்-230-ன் அரை ஆயுள் சுமார் 75,000 ஆண்டு. இதற்கு முன்னால் ஒரு மீட்டர் மண் என்பது என்ன, எத்தனை மழைக்குத் தாங்கும்? ஐப்பசி கார்த்திகையில் நம்ம ஏரிக்கரை எப்படி அறுக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கரையில் எலி வளை, ஆட்டுத் தடம், ஒரு வேப்ப மரத்து வேர், இவ்வளவு போதும். அதனால் மூடின பிறகும் வேலியும் ஆளும் வேண்டும். பீசோ மீட்டர் குழாயில் நீர் மட்டத்தைப் பார்த்து எழுத ஆள் வேண்டும், சுற்றுக் கிணறுகளில் தண்ணீர் எடுத்துச் சோதிக்க வேண்டும். யூட்டா மாநிலம் மோவாப் என்ற ஊரில் கொலராடோ ஆற்றங்கரையில் கொட்டிய 1.6 கோடி டன் சேற்றை, ஆற்றை விட்டுத் தள்ளி 2009 முதல் ரயிலில் ஏற்றி மாற்றினார்கள். மில் ஓடியது 28 வருஷம். அள்ளி மாற்றவே 15 வருஷத்துக்கு மேல் ஆனது.

கடைசியாக ஒரு உபயோகமான விஷயம். இந்த நிறுவனங்களிலும், ஹைதராபாத்திலும், கல்பாக்கத்திலும் டிப்ளமா முடித்தவர்களுக்கு வேலை விளம்பரம் வருவதுண்டு. நம்மில் சிலர் போவோம். போகவும் வேணும், வீட்டு நிலைமை அப்படி. தொழிலாளிக்கு அனுமதித்த அளவு ஐந்து ஆண்டுச் சராசரியில் வருஷத்துக்கு 20 மில்லி சீவர்ட், எந்த ஒரு வருஷத்திலும் 30-ஐத் தாண்டக்கூடாது. பொதுமக்களுக்கு 1 மட்டும். உங்கள் அளவு எவ்வளவு என்று கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம், அது உங்கள் உரிமை. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மார்பில் மாட்டுகிற டி.எல்.டி. பேட்ஜ் வெளியிலிருந்து படுகிற கதிர்வீச்சைத்தான் அளக்கும். மூச்சில் போகிற தூசியை அளக்காது. கிரஷர் பக்கம் நிற்கும்போது துண்டு போதாது, சரியான தூசி முகமூடி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பேட்ஜை லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போகாதீர்கள்.